உங்கள் மகன் அனுப்பிய படம் டியூலிப் இல்லை சகோதரி

அமெரிக்காவின் டெத் வேலியில் மகன் எடுத்த இளஞ்சிவப்புப் பூ குட்டி டியூலிப்பா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. டியூலிப் கிழங்கிலிருந்து வரும், இலை நீளமாக இருக்கும், இதழ் போலத் தெரிவது ஆறு. உங்கள் படத்தில் இதழ் ஐந்துதான், இலை வட்டம், ஓரம் பற்களாக வெட்டுப்பட்டது, தண்டில் விறைத்த முடி.

படத்தைப் பெரிதாக்கி, பாதி திறந்த அந்தக் கிண்ணத்துக்குள் பாருங்கள்: ஒவ்வோர் இதழின் அடியிலும் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு. ஐந்து இதழுக்கு ஐந்து பொட்டு, அதனால்தான் ஆங்கிலத்தில் டெசர்ட் ஃபைவ்ஸ்பாட் என்கிறார்கள்; தாவரவியல் பெயர் எரமால்கி ரொட்டுண்டிஃபோலியா. மழை கண்டு முளைத்து, வசந்தத்தில் பூத்து, விதை போட்டு அதே பருவத்தில் காய்ந்துபோகும் ஒருபருவச் செடி.

இன்னும் சந்தேகமா? நாங்கள் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்து லயத்து வேலியில் தினமும் பார்க்கிற செம்பருத்தியைப் (அதாங்க, மலாய்மொழியில் நம்ம புங்கா ராயா) பறித்துப் பாருங்கள், மகரந்தக் காம்புகள் ஒட்டி நடுவில் ஒரு குழாயாக நிற்கும். இதிலும் அப்படித்தான், ஆனால் குட்டை. இரண்டும் ஒரே குடும்பம், வெண்டைக்காயும் சேர்த்து! காய் படம் கிடைத்தால் போடச் சொல்லுங்கள், துத்திக்காய் மாதிரி துண்டு துண்டாக வட்டத்தில் அடுக்கியிருக்கும்.