சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியை வைத்து வீடு பார்க்கிறோம். பட்டணத்துப் பக்கமா, தோட்டத்துப் பக்கமா?

வணக்கம் சகோதரி. கணவருக்குக் கிள்ளானிலிருந்து இங்கே, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வேலை மாற்றம், மகளுக்கு ஐந்து வயது, தமிழ்ப்பள்ளியில்தான் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பட்டணத்துப் பெரிய பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுப்பதா, வாடகை குறைவாக இருக்கும் தோட்டத்துப் பக்கம் போய்ச் சின்னப் பள்ளியில் போடுவதா என்பதுதான் உங்கள் கேள்வி. சொந்தக்காரர்கள் எல்லாரும் "பட்டணத்துப் பள்ளியிலேயே போடு" என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பள்ளியை வைத்து வீடு பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியை மட்டும் பார்த்து முடிவு பண்ணிவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதன் பிறகு உங்கள் மகள் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போவாள், அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதை இப்போதே விசாரித்துவிடுங்கள். நான் அதை விசாரிக்காமல் வீடு வாங்கியவள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை. விடியும் முன்பே பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். நாங்களாகவே எழுந்து, குளித்து, பள்ளிக்கு நடப்போம். எந்தப் பள்ளி என்ற கேள்வியே அப்போது கிடையாது. தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றால் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை தெரியும். 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டத்துக்கு ஒரு பள்ளி என்று நம் மலேசியாவில் அத்தனை தமிழ்ப்பள்ளிகள் முளைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. அதற்கு முன்பே தோட்டங்களைத் துண்டாடி விற்கவும் தொடங்கியிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் நம் ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். ஆனாலும் நம் சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிவந்துவிட்டார்கள். லயத்தில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பள்ளிகள் மட்டும் எல்பில், ஹீவுட் என்று தோட்டத்துப் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. நாட்டில் பல இடங்களில் தோட்டப் பள்ளியைப் பட்டணத்துக்கு மாற்றிப் புதுக் கட்டடம் கட்டிய பிறகும் பெயரில் தோட்டம் அப்படியே இருக்கிறது. ஆகவே பெயரில் 'தோட்டம்' என்று பார்த்ததும் ஒதுக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள்.

பெரிய பள்ளியா சின்னப் பள்ளியா என்பதில் எனக்கு இரண்டு பக்கமும் அனுபவம் உண்டு. மூத்தவன் பட்டணத்தில் படித்தான், இளையவள் இப்போது தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பெரிய பள்ளிக்கு என்று ஒரு பலம் இருக்கிறது. இங்கே மகாத்மா காந்தி கலாசாலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த பள்ளி. அந்த அளவுள்ள பள்ளியில் புறப்பாட நடவடிக்கை, போட்டி, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஆள் சேரும். பாட்டி படித்த பள்ளியில் பேத்தியும் படிக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தப் பிடிப்பைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சின்னப் பள்ளி வேறு மாதிரி. 150 மாணவர்களுக்குக் கீழே இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. தமிழ்ப்பள்ளிகளில் நிறைய இந்த வகைதான். பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே பயம். எனக்கும் இருந்தது. இளையவளைச் சேர்ப்பதற்கு முன் ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டில் ஏழு பிள்ளைகள். ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் மேசைக்கும் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, நோட்டில் விரல் வைத்து வாசிக்கச் சொன்னார். ஒரு பையன் 'ழ' வரும் இடத்தில் தடுக்கினான். அவனை மூன்று தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில், எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும், இது முடியாது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. மொத்தப் பள்ளியிலும் முப்பது பிள்ளைகள்கூட இல்லை என்றால் இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பாகச் சேர்த்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். திறமையான ஆசிரியர் இதையும் நன்றாகவே நடத்துவார், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட பள்ளிக்குப் பக்கத்தில் முப்பது வருஷக் கடனில் வீடு வாங்குவது சரியாக இருக்காது. பிள்ளைகள் இன்னும் குறைந்தால் அந்தப் பள்ளியையே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டிவரலாம். நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். பல தோட்டப் பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசாங்கத்தினுடையது, நிலம் தோட்டக் கம்பெனியினுடையது. கூடுதலாக ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால்கூட அங்கே பேச்சுவார்த்தை நீளும்.

இப்போது இடைநிலைப்பள்ளி விஷயத்துக்கு வருகிறேன்.

மூத்தவன் பிறந்த சமயத்தில் ஒரு புதுத் தாமானில் வீடு வாங்கினோம். தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே போகலாம். அதற்காகவே இருபதாயிரம் வெள்ளி கூடக் கொடுத்தோம். ஆறு வருஷம் நிம்மதியாகத்தான் போனது. ஆறாம் ஆண்டு முடிவில் படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்கு, இடம் வந்தபோது, அது நாங்கள் நினைத்த பள்ளி இல்லை. எந்த ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும் என்று கல்வி இலாகாவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதையும் வீட்டு முகவரியையும் வைத்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். மேல்முறையீடு செய்யலாம், இடம் காலியாக இருந்தால் கிடைக்கும். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளி திறந்து மூன்றாவது வாரம் அவன் பையைத் துவைக்க எடுத்தேன். எல்லா நோட்டிலும் எழுத்து இருந்தது. நான் பழுப்புத் தாள் அட்டை போட்டு, 'தமிழ்மொழி' என்று எழுதிக் கொடுத்த நோட்டு மட்டும் வாங்கினபடியே இருந்தது. கேட்டால், "தமிழ் கிளாஸ் இல்லம்மா" என்றான், ரொம்பச் சாதாரணமாக. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷம் தமிழிலேயே கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளை.

பள்ளி அலுவலகத்தில் கேட்டபோது, படிவம் ஒன்றில் ஒன்பது தமிழ்ப் பிள்ளைகள்தான், எண்ணிக்கை போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் திரும்பிவிட்டேன். பிறகுதான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொன்னார்: 1996 கல்விச் சட்டத்தின்படி ஒரு பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அது பள்ளி முழுமைக்குமான கணக்கு, ஒரே படிவத்தில் பதினைந்து பேர் இருக்க வேண்டும் என்பதில்லை. "படிவம் ரெண்டு, மூணுல உள்ள பிள்ளைங்க வீட்டுக்கும் போம்மா" என்றார்.

போனேன். இரண்டு வாரம், வேலை முடிந்து வந்து, தாமான் தாமானாக, அப்புறம் தோட்டத்து லயங்களுக்கும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த ஓர் அண்ணன் கையை மூன்று தடவை துடைத்துக்கொண்டார், தாளில் எண்ணெய் படக்கூடாது என்று. மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "என் மவளுக்கு முடிஞ்சிருச்சும்மா, சின்னவனுக்காவது இருக்கட்டும்" என்றார். மொத்தம் பத்தொன்பது கையெழுத்து. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு வகுப்பு ஆரம்பமானது. பாட நேர அட்டவணைக்குள் இடம் கிடைக்கவில்லை, பள்ளி முடிந்த பிறகு வாரம் இரண்டு நாள். மகன் இப்போது படிவம் நான்கு, படிவம் ஐந்தில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுக்கிறான்.

ஆகவே நீங்கள் எந்தத் தாமானைப் பார்த்தாலும், அங்கிருந்து போகும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் இருக்கிறதா, அட்டவணைக்குள்ளா பள்ளி முடிந்த பிறகா, நிரந்தர ஆசிரியர் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்பென்றால் வேன் காத்திருக்காது. பிள்ளை திரும்புவதற்கு நீங்களே வழி பார்க்க வேண்டும், அதனால் அங்கே வீட்டுத் தூரம் முக்கியம். சில இடைநிலைப்பள்ளிகளில் படிவம் ஒன்றும் இரண்டும் மதிய நேரப் பள்ளி. மதியம் போன பிள்ளை வீடு திரும்ப இருட்டத் தொடங்கிவிடும். பெண் பிள்ளை, இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய் மொழி போதவில்லையென்றால் படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். ஆரம்பப்பள்ளியில் மலாய் எப்படி நடக்கிறது என்று பழைய மாணவர்களின் பெற்றோரிடம் விசாரியுங்கள். தலைமையாசிரியரைவிட அவர்கள் மனம்விட்டுச் சொல்வார்கள்.

தமிழ்ப்பள்ளிக்கு இங்கே தூரம் பெரிய தடை கிடையாது. வேன்கார அக்காக்கள் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கும், பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். என் இளையவள் காலை ஆறு இருபதுக்கு ஏறுகிறாள், முதல் இரண்டு மாதம் சப்பாத்து போட்டபடியே என் மடியில் தூங்கிக்கொண்டிருப்பாள், ஹாரன் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே இறங்கி நடப்பாள். இப்போது பழகிவிட்டது. பட்டணத்தில் வீடு, தோட்டத்தில் பள்ளி என்று இருக்கலாம். நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம்.

என்னைக் கேட்டால், வந்ததும் வாங்காதீர்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பட்டணத்தில் வாடகைக்கு இருங்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு பள்ளிகளின் வாசலிலும் போய் நில்லுங்கள். கழிவறையைப் பாருங்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள், நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து அதைப் பிள்ளைகள் புரட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டடத்தின் வண்ணத்தைவிட அந்தப் புத்தகத்தின் ஓரம் அதிகம் சொல்லும். எந்த இடைநிலைப்பள்ளி என்று தெளிவான பிறகு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

வாடகை வீட்டுக்கு வந்ததும் மின்சாரக் கட்டண ரசீதை உங்கள் கணவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டுக்கு இணையத்தில் பதியும்போது முகவரிச் சான்று கேட்பார்கள். வீட்டுக்காரர் பெயரிலேயே விட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் அலைந்தவர்கள் எங்கள் தாமானிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.