ஸ்லாட் கார் டயரில் கோட்டம் எடுப்பது: கேள்வி பதில்

வியாசர்பாடியில் பல ஆண்டுகள் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். இப்போது மாடி அறையில் மரப்பலகைத் தடம் ஒன்றை அமைத்து, 1/32 அளவுள்ள (நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு) ஸ்லாட் கார்களை, அதாவது தடத்தில் வெட்டிய பள்ளத்தின் வழியே மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார்களை, ஓட்டி வருகிறேன். வட்டாரத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, என் கார் நேர்த்தடத்திலேயே தடதடவென்று துள்ளுகிறது. மோட்டார் கெட்டுவிட்டதா? (கொருக்குப்பேட்டை)

மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் பின் டயர்களைப் பாருங்கள். சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே வேலைதான், ஆனால் கம்பியை முறுக்குவதற்குப் பதிலாக ரப்பரைத் தேய்க்கிறோம். பெட்டியிலிருந்து எடுத்த புதுக் காரின் டயர்கூடப் பெரும்பாலும் முழு வட்டமாக இருப்பதில்லை.

முதலில் அச்சைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அச்சைத் தாங்கும் புஷ் சட்டத்தில் தளர்ந்து ஆடினால் ஒரு துளி பசை வைத்து அதை நிறுத்த வேண்டும். ஆடும் அச்சில் தேய்த்த டயர் ஒருபோதும் வட்டமாகாது. அடுத்து டயரைக் கழற்றி, ரிம்மில் பிசிறு இருந்தால் நீக்கி, ஃபெவிக்விக் போன்ற பசையால் டயரை ரிம்மோடு ஒட்டிவிடுங்கள். ஒட்டாத டயர் வேகத்தில் விரிந்து நகர்வதால், நீங்கள் எடுத்த கோட்டம் வீணாகும்.

பிறகு தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டி, தடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் காரின் மின்பின்னல்களுக்குத் தனி வயர் கொடுத்து, 5 அல்லது 6 வோல்ட்டில் மோட்டாரை ஓடவிட்டு, கைடு (பள்ளத்துக்குள் இறங்கிக் காரை வழிநடத்தும் முன்பக்கத் துண்டு) தடத்தில் நிற்கும் அதே உயரத்தில் காரின் முன்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, பின் டயர்கள் இரண்டும் தாளை ஒருசேரத் தொடுமாறு மெதுவாக இறக்குங்கள். அழுத்தக் கூடாது, அழுத்தினால் ரப்பர் சூடேறி இளகும், மோட்டாரும் திணறும். அரை நிமிடம் தேய்த்து, ஆறவிட்டு, மீண்டும் தேய்ப்பதே சரி. இடையிடையே டயரில் சாக்பீஸ் பூசி ஒரு சுற்றுத் தேய்த்துப் பாருங்கள்: வெள்ளை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. வெள்ளை முழுவதும் ஒரே சீராக அழியும்போது 400, பிறகு 600 எண் தாளுக்கு மாறி முடித்துவிடலாம். பட்டறையில் இரும்பைக் கடைந்த காலத்தைவிட இந்தச் சின்ன ரப்பரிடம்தான் நான் அதிகப் பொறுமையைக் கற்றேன்.

சிலிக்கான் டயரையும் இப்படித் தேய்க்கலாமா? (தண்டையார்பேட்டை)

சிலிக்கான் உப்புத்தாளுக்கு வசப்படாது. ரிம்மைச் சீராக்கி, டயரை ஒட்டும் டேப்பின் மேல் உருட்டித் தூசியை எடுத்தால் போதும். யூரித்தேன் டயர் தேய்க்க இடங்கொடுக்கும்.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தடத்தில் ஒட்டிக்கொண்டு ஓடிய கார், நண்பர் வீட்டு மரத்தடத்தில் வளைவுதோறும் வாலை வீசுகிறது. ஏன்? (பெரம்பூர்)

பிளாஸ்டிக் தடத்தின் எஃகுத் தண்டவாளத்தைக் காரின் அடியில் உள்ள காந்தம் இழுத்துப் பிடித்திருந்தது. மரத்தடத்தில் ஒட்டியிருப்பது செப்புப் பட்டை. செம்பைக் காந்தம் இழுக்காது. இத்தனை நாள் காந்தம் மறைத்து வைத்திருந்த குறைகளே இப்போது வெளிப்படுகின்றன. என் கருத்தில், காந்தத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காரைச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை.

டயர் சீரானதும் மேற்கூட்டின் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கூடு லேசாக ஆடினால், வளைவின் அதிர்ச்சி சட்டத்துக்கு நேராகப் போகாது. முன் சக்கரங்கள் தடத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அவை கைடைத் தூக்கினால் கார் பள்ளத்தை விட்டு வெளியேறும். முன் டயருக்கு நிறமற்ற நகப்பூச்சுப் பூசினால், அதன் பிடிப்பு குறைந்து கார் எளிதாகத் திரும்பும்.

எடை சேர்க்க ஈயம் வேண்டும். எங்கே, எவ்வளவு வைப்பது? என் மகனும் கூட இருந்து செய்கிறான். (ராயபுரம்)

காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைத் தகடாகத் தட்டிக்கொள்ளலாம். வால் வீசினால் பின் அச்சுக்குச் சற்று முன்னாலும், முன்பக்கம் பள்ளத்தை விட்டு எழும்பினால் கைடுக்குப் பின்னாலும், சட்டத்தின் அடிமட்டத்தில் வையுங்கள். ஒரு முறைக்கு இரண்டு கிராமுக்கு மேல் வேண்டாம். ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஈயம் நஞ்சு என்பதால், தட்டும் வேலையைப் பையனிடம் கொடுக்காதீர்கள். நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கார் அங்கங்கே நின்று நின்று ஓடுகிறது. வீடு கடலுக்கு அருகில். (எண்ணூர்)

உப்புக்காற்றில் செப்புப் பட்டை கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பட்டை மெல்லியது. மின்பின்னலின் நுனியைச் சற்று விரித்துவிடுங்கள்.

கோட்டம் எடுத்த டயர் எவ்வளவு நாள் உழைக்கும்? (திருவொற்றியூர்)

நாள் கணக்குச் சொல்ல முடியாது. தேயத் தேய விட்டம் குறைந்து காரின் பின்புறம் தாழும். பின் அச்சிலுள்ள பற்சக்கரம் தடத்தை உரசும் சத்தம் கேட்டால், புது டயர் போடுங்கள்.