ஆய்வகம் இல்லாத பள்ளியில் அறிவியல் மன்றம்

கேள்வி: அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளி விட்ட பிறகு அறிவியல் மன்றம் நடத்த ஆசை. ஆய்வகத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 'இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரணும்' என்கிறார்கள் பெற்றோர். எதில் தொடங்கலாம்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள், டீச்சர். தூரத்து ஊர்ப் பிள்ளைகளின் டவுன் பஸ் ஐந்தரைக்கு என்றால் ஐந்தேகாலுக்கு மன்றம் முடிந்தாக வேண்டும். நான் வேலையில் இருந்தபோது, எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு விடுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளை தம்பியையும் கூட்டிவரட்டும்.

சாமான்களுக்குக் கவலை வேண்டாம். மழைமானியில் தொடங்குங்கள். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, புனல் மாதிரி தலைகீழாகச் செருக வேண்டும். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்து, அங்கிருந்து மில்லிமீட்டர் அளவை ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைக்க வேண்டும். தினமும் அளவெடுத்ததும் தண்ணீரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வெயிலில் குறைந்திருந்தாலும்தான்.

வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையளவு எடுக்கிறது. உங்கள் பிள்ளைகளும் அதே நேரத்தில் எடுத்தால் செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிடலாம். பக்கத்து ஊரில் 40 மி.மீ. என்று போட்டிருக்கும், இவர்கள் பாட்டிலில் 12தான் இருக்கும். ஏன் என்று சண்டை போடுவார்கள். போடட்டும், சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஒரு கணக்கு கொடுங்கள்: 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். பள்ளி மாடியில் நேற்று எத்தனை குடம் விழுந்தது? டேப்பை எடுத்துக்கொண்டு அவர்களே மாடிக்கு ஓடுவார்கள்.

கருவியைச் செய்து முடித்த பிறகு அன்னா மணியைப் பற்றிச் சொல்லுங்கள். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வழி செய்தவர். சொந்தக் கையால் ஒரு மழைமானி செய்த பிள்ளைக்கு அவர் வேலையின் அருமை தானாகவே புரியும்.

கேள்வி: எங்களுடையது இருபாலர் பள்ளி. மன்றத்தில் பெண் பிள்ளைகள் வாயே திறப்பதில்லையே?
- வாசகர், தென்காசி

பதில்: யார் கையில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள், சார். பையன் கையில் திருப்புளி, பெண் கையில் நோட்டு; பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 'கையெழுத்து அழகா இருக்கு' என்று எழுதும் வேலையை நாமே அவள் தலையில் கட்டிவிடுகிறோம். வாரத்தில் ஒரு நாளைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். வெட்டுவது, துளை போடுவது, ஒயர் சீவுவது எல்லாம் அன்று அவர்கள்தான். மற்ற நாட்களில் நோட்டு முறைவைத்துக் கை மாறட்டும், பையன்களும் எழுதிப் பழகட்டும்.