ஒரு சொட்டு மண் தண்ணீரும் டிஏபி மூட்டையும்

கேள்வி: ஐயா, நீலகிரியில் கேத்தி பக்கம் ஒரு ஏக்கரில் கேரட்டும் முட்டைகோஸும் போடுகிறேன். உரம் விற்கும் தம்பி ஒருவர் பூ இதழ் மாதிரி கோடு போட்ட காகித அட்டை கொடுத்தார். மண் கரைத்த தண்ணீரை நடுவில் ஒரு சொட்டு விட்டால் பிஎச் என்கிற புளிப்பு அளவு, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் நிறத்தில் தெரியுமாம். இரண்டு தடவை பார்த்தும் பாஸ்பேட்டுக்கு நிறமே வரவில்லை. பாஸ்பேட் உரமான டிஏபியைக் கூட்டிப் போடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவும் இல்லை.

அந்தக் கோடுகள் மிகச் சிறிய வாய்க்கால்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஊறாதபடி கரை கட்டியிருப்பார்கள். இப்போது பெரும்பாலும் மெழுகுக் கரைதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நடுவில் விட்ட சொட்டு தானாகவே ஒவ்வொரு இதழுக்கும் ஓடி, அங்கே காய வைத்திருக்கும் மருந்தோடு சேர்ந்து நிறம் காட்டும். 2007-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழு சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்க்க இப்படிக் காகிதத்தில் செய்து காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. மின்சாரம் வேண்டாம், ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு தண்ணீர் போதும்.

சிக்கல் நம் மண்ணில் இருக்கிறது. நீலகிரி மண் புளிப்பு மண். மணிச்சத்தை, அதாவது பாஸ்பேட்டை, இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், வெறும் தண்ணீரில் அது கரைந்து வராது. அதனால் பல வருடம் டிஏபி போட்ட தோட்டத்திலும் அந்த இதழ் வெளுப்பாகவே நிற்கலாம். புளிப்பு மண்ணில் மணிச்சத்து பார்க்க ஆய்வகத்தில் பிரே கரைசல் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சோதனை செய்யாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

நைட்ரேட் இதழ் வேறு கதை. நைட்ரேட் தண்ணீரில் முழுக்கக் கரையும், அதனால் மேலுரம் வைக்கும் முன் அதைப் பார்ப்பது நல்ல பழக்கம். நைட்ரேட் மிகுந்தால் கேரட்டில் தழைதான் கொழிக்கும்.

அப்புறம் ஒன்று. நம் மண்ணில் மட்கு அதிகம், கரைத்த தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி இருக்கும். அந்தப் பழுப்பே நிறத்தைக் கெடுக்கும், களித்துகள் வாய்க்காலை அடைக்கும். தெளிய விட்டு, வடிதாள் வைத்து வடிகட்டுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த தண்ணீரில் கரையுங்கள். உறைபனிக் காலத்துக் காலையில் நிறம் மெதுவாகத்தான் வரும், வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். மழை மாதங்களில் அட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்பது. அறுவடை முடிந்து, எருவும் உரமும் போடும் முன்பு, பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மேல் பாத்திக்கும் பள்ளத்துப் பாத்திக்கும் தனித்தனியாக எடுங்கள். புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு எவ்வளவு தேவை என்றும் கேட்டு வாங்குங்கள், பிஎச் எண்ணை மட்டும் வைத்து அந்த அளவைச் சொல்ல முடியாது. அவர்கள் சொல்லும் அளவு டோலமைட் சுண்ணாம்பை நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே போட்டுக் கிளறிவிடுங்கள். அதோடு டிஏபியைக் கலந்துவிடாதீர்கள், டிஏபியில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.