ஆப் சொல்வதா, டாக்டர் சொல்வதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறேன். வயது 52. மூன்று வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் என் போனில் ஒரு டயட் ஆப் போட்டுக் கொடுத்தான். நாளைக்கு 1,200 கலோரிதான் சாப்பிடலாம் என்கிறது. டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை, "இதையெல்லாம் நம்பாதீங்க" என்றுவிட்டார். அதே ஆஸ்பத்திரி டயட்டீஷியனோ, "விடாம எழுதுங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேளுங்கள் அம்மா. சாப்பிட்டதைக் குறித்து வைப்பது ஆப்பின் ஒரு வேலை. அது எங்களைப் போன்ற உணவியல்காரர்களுக்குப் பிடிக்கும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. இவ்வளவுதான் சாப்பிடலாம் என்று உத்தரவு போடுவது இன்னொரு வேலை. டாக்டர்களுக்கு எரிச்சல் வருவது அதில்தான், நியாயமான எரிச்சல்.

உயரம், எடை, வயது கேட்டிருக்கும். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டதா? கூடையைச் சுமந்து மேடு ஏறி இறங்குகிறவர் என்று தெரியுமா? கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரை போடுபவர்கள் திடீரெனச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கை நடுங்கும், வியர்க்கும், தோட்டத்திலேயே மயக்கம் வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. அடுத்த முறை மாத்திரை அட்டையையே எடுத்துப்போய், "சாப்பாட்டைக் குறைச்சா இதே டோஸ்தானா?" என்று கேளுங்கள். அதுவரை அந்த 1,200 வேண்டாம். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கணக்கிலும் ஓட்டை உண்டு. சில ஆப்களில் யார் வேண்டுமானாலும் ஒரு உணவைச் சேர்த்துவிடலாம். 100 கிராம் அரிசி என்றால் ஏறக்குறைய 350 கலோரி. அதே 100 கிராம் சோறு என்றால் 130தான். தவறான வரியைத் தொட்டீர்களானால் ஒரு வேளைச் சாப்பாடு மூன்று வேளையாகிவிடும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். உங்கள் வீட்டு அவரைக்கொட்டைக் குழம்பில் எவ்வளவு எண்ணெய் என்று எந்த அட்டவணைக்குத் தெரியும்? களியும் அப்படித்தான். "ஒரு உருண்டை" என்று போட்டிருக்கும், யார் வீட்டு உருண்டையோ! கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், உண்மைதான். ஆனால் 100 கிராம் மாவில் 320 கலோரி இருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் களியை அளவில்லாமல் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குளிருக்கு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். கப்புக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் சீனி மட்டுமே 240 கலோரி. கூட வர்க்கி வேறு. இதை எழுதிப் பார்க்கிற அன்றுதான் பலருக்கும் உறைக்கிறது. டயட்டீஷியன் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ஆப் போடும் மாசக் கிராஃபைக் காட்டினால் ஓபி நெரிசலில் எந்த டாக்டரும் பார்க்க மாட்டார். மூன்று நாள் கணக்கு போதும், அதில் ஒன்று லீவு நாளாக இருக்கட்டும். தட்டைப் போட்டோ எடுங்கள், டீயையும் விடாதீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து, போட்டோ பக்கத்தில் எழுதுங்கள். போட்டோ எடுக்க சிக்னலும் வேண்டாம். மகன் ஊருக்கு வரும்போது ஆப்பில் அந்தக் கலோரி இலக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். மாசாமாசம் பணம் கட்டும் பிளான் ஏதாவது போட்டிருந்தால் அதையும் சேர்த்து.