பணம் கட்டியாச்சே என்று ஓடிய ஏழு நாட்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 46. மனைவி, 15 வயது மகள், 9 வயது மகன். மூன்று வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் போன மாதம் ஒரு பெரிய கடற்கரை ரிசார்ட்டில் ஏழு இரவுகள் தங்கினோம். அறை, சாப்பாடு, குளிர்பானம், நீச்சல் குளங்கள், தண்ணீர்ச் சறுக்குகள், படகு, இரவு நிகழ்ச்சி எல்லாமே ஒரே கட்டணத்தில் அடக்கம். போனதும் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் பணத்தைத் தொடவே வேண்டியதில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பதிவு செய்து, கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போதுதான் சொன்னேன். அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

அங்கே தினமும் காலை ஆறு மணிக்கே எழுந்து குளக்கரையில் நான்கு சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்தேன். எத்தனை மணிக்கு என்ன என்று ஒரு அட்டவணையும் எழுதினேன். ஆனால் மனைவி பால்கனியில் படுத்தால் போதும் என்றாள். மகன் எத்தனையோ சறுக்குகள் இருக்க, ஒரே சறுக்கில் நாள் முழுக்க ஏறி இறங்கினான். மகளுக்கு அவள் வயதில் இரண்டு தோழிகள் கிடைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் அவளைப் பார்க்க முடிந்தது.

நான்காம் நாள் மாலை படகுக்கு நேரம் வாங்கி வைத்திருந்தேன். அவள் வரமாட்டேன் என்றாள். அந்தத் தோழிகள் முன்னாலேயே, "உனக்காக எவ்வளவு பணம் கட்டியிருக்கேன் தெரியுமா?" என்று கத்திவிட்டேன். "நான் கேட்டேனா?" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். மீதி நாட்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. கேட்டதற்கு மட்டும்தான் பதில். மனைவியோ, "நீங்க எங்களோட இருக்கவே இல்லையே" என்கிறாள். நான் ஒரு நிமிடம்கூட அவர்களை விட்டுப் பிரியவில்லையே!

என் அப்பாவுக்கு எங்களை எங்கும் கூட்டிப்போக வசதி இருந்ததில்லை. என் பிள்ளைகளுக்கு அந்தக் குறை வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எங்கே தவறினேன்? மகளிடம் எப்படிப் பேசுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று வருடம் குடும்பத்துக்காகச் சேமித்த மனிதர் நீங்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் மகளுக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

"நான் கேட்டேனா?" என்று அவள் சொன்னதை எதிர்த்துப் பேசியதாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு தகவலாகக் கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே அவளை யாரும் கேட்கவில்லை. எங்கே போவது, எப்போது எழுவது, எதில் ஏறுவது எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

ஏற்கெனவே கட்டிய பணம் மனதை எப்படி இழுக்கிறது என்பதை ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் எழுதினார்கள். ஒரு பருவம் முழுவதற்கும் நாடகச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். முழு விலை கொடுத்தவர்களே முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். பணம் போனது போனதுதான், போகாமல் இருந்தாலும் திரும்பாது. ஆனாலும் 'கொடுத்தாச்சே' என்ற நினைப்பு காலைத் தள்ளுகிறது. எல்லாம் அடங்கிய ரிசார்ட்டில் இந்த இழுப்பு இன்னும் கூடும். அங்கே தூங்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டமாகத் தெரியும். ஆனால் அத்தனை வசதியும் விதவிதமான விருந்தினர்களுக்காக வைக்கப்பட்டவை. ஒரே குடும்பம் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டிய பாடத்திட்டம் இல்லையே அது.

வேலைக் களைப்பு எதனால் தீர்கிறது என்று ஆராய்ந்த சொன்னென்டாக், ஃபிரிட்ஸ் இருவரும் 2007-இல் நான்கு அனுபவங்களைச் சொன்னார்கள். வேலையை மனதிலிருந்து இறக்கி வைப்பது, தளர்வாக இருப்பது, ஏதாவது ஒன்றில் கைதேர்வது, தன் நேரம் தன் கையில் இருப்பது. உங்கள் மனைவி பால்கனியில் தேடியது முதல் இரண்டையும். அதே சறுக்கில் நூறு முறை ஏறிய மகன், என் பார்வையில், மூன்றாவதைச் செய்துகொண்டிருந்தான். நான்காவதைத்தான் உங்கள் அட்டவணை எடுத்துக்கொண்டது. 15 வயதில் அதைவிடப் பெரிய தேவை அதிகம் இல்லை.

திடீர் மகிழ்ச்சி தர நினைத்தது பற்றியும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பயணம் போகவிருந்தவர்கள், போகாதவர்களைவிடக் கிளம்பும் முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பிறகு, மிக நிம்மதியாக விடுமுறையைக் கழித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சேர்ந்து திட்டம் போட்டு, நாள் எண்ணிக் காத்திருப்பதே விடுமுறையில் ஒரு பெரும் பங்கு. அதை நீங்கள் தனியாக அனுபவித்துவிட்டீர்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். இது என் யூகம்தான்: அந்த ஏழு நாட்களில் பிள்ளைகளுக்காக மட்டும் நீங்கள் ஓடவில்லை, எங்கும் போகாமல் வளர்ந்த, உங்களுக்குள் இருக்கும் அந்தச் சிறுவனுக்காகவும் சேர்த்து ஓடியிருக்கிறீர்கள். அவன் ஏங்கியது நியாயம். ஆனால் அந்த ஏக்கத்தைப் பற்றி மகளுக்கு எதுவும் தெரியாது. அவளுக்குக் கேட்டதெல்லாம் பணக் கணக்கு மட்டுமே. உங்கள் மனைவி 'எங்களோட இருக்கவே இல்லையே' என்றது இதைத்தானோ என்று தோன்றுகிறது.

மகளிடம் பேசும்போது எதிரே உட்காரவைத்து ஆரம்பிக்காதீர்கள். நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேசுங்கள். முகம் பார்க்க வேண்டாத இடத்தில் அந்த வயதுக்குப் பேச்சு எளிதாக வரும். "அன்னைக்கு உன் தோழிகள் முன்னாடி கத்தினது தப்பு. பணத்தைச் சொல்லிக் காட்டினதும் தப்பு." இவ்வளவு போதும். 'ஆனால்' என்று எதையும் சேர்க்காதீர்கள். மன்னித்துவிட்டாயா என்று உடனே கேட்காதீர்கள், சமாதானமாக எதுவும் வாங்கித் தராதீர்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சில நாள் கழித்து அந்த இரண்டு தோழிகளைப் பற்றிக் கேளுங்கள். இன்னும் தொடர்பில் இருக்கிறார்களா, சேர்ந்து என்ன செய்தார்கள் என்று. உங்கள் மகளுக்கும் ஒரு விடுமுறை நடந்திருக்கிறது, நீங்கள் அறியாத விடுமுறை. அவள் சொல்லும்போது நடுவில் எதையும் திருத்தாதீர்கள். இந்த மௌனம் தூக்கத்தையோ சாப்பாட்டையோ படிப்பையோ பாதிப்பதாகத் தெரிந்தால் காத்திருக்காமல் ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அடுத்த பயணத்தில் ஒருவருக்கு ஒரு நாள் என்று முடிவு செய்யும் உரிமையைக் கொடுங்கள். எல்லாரும் கூடுவது இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் கட்டாயமாக இருக்கட்டும். மகன் தண்ணீரில் இருக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவரின் கண் அவன் மேலேயே இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடாது. மற்ற கண்காணிப்பையெல்லாம் தாராளமாகக் கைவிடலாம்.

மனைவியிடம் இன்று இரவே பேசலாம். அந்த ஏழு நாட்களில் எந்த நேரம் பிடித்திருந்தது என்று கேளுங்கள். அவர் பால்கனியில் படுத்திருந்த மதியத்தைச் சொன்னால், அங்கிருந்து என்ன தெரிந்தது என்று கேளுங்கள்.