டீபக் திரையில் தெரிவது எந்த சோர்ஸ்?

கேள்வி: ஐபிஎம் ஐ என்ற இயங்குதளம் ஓடும் இயந்திரத்தில், ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராம்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். கம்பைல் செய்யும்போது, டீபக்கில் (ஓடும் புரோகிராமை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடுவதில்) எதைக் காட்டுவது என்று சொல்லும் டிபிஜிவியூ என்ற இடத்தில் ஒருவர் *சோர்ஸ் போடச் சொல்கிறார், இன்னொருவர் *லிஸ்ட் என்கிறார், வேறொருவர் அதைத் தொடவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: *லிஸ்ட் போடச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள்.

தொடாமல் விட்டால், கம்பைல் செய்யும் சிஆர்டிபிஎன்டிஆர்பிஜி கட்டளை தானாகவே *எஸ்டிஎம்டி (ஸ்டேட்மென்ட் எண் மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். பிறகு டீபக் திரையைத் திறந்தால் புரோகிராமின் ஒரு வரிகூடத் தெரியாது. கம்பைல் ஆகும்போது அச்சாகும் வரிப் பட்டியலான லிஸ்டிங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஸ்டேட்மென்ட் எண்களைப் பார்த்து பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) வைக்க வேண்டும். பிழை வருகிற நாளில் அந்த லிஸ்டிங் ஸ்பூலில் (அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில்) இருக்காது, எப்போதோ அழித்திருப்பார்கள்.

*சோர்ஸ் போட்டால் வரிகள் தெரியும். ஆனால் புரோகிராமுக்குள் சோர்ஸ் பதிவதில்லை. எந்த லைப்ரரி, எந்த ஃபைல், எந்த மெம்பர் (ஃபைலுக்குள் சோர்ஸ் இருக்கும் பகுதி) என்ற விலாசம்தான் பதிகிறது. டீபக் அந்த விலாசத்துக்குப் போய், இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறதோ அதை எடுத்துக் காட்டும். *லிஸ்ட் அப்படியில்லை. கம்பைல் ஆன நேரத்து லிஸ்டிங் முழுவதும் புரோகிராமோடு சேர்ந்துவிடும். சோர்ஸை மாற்றினாலும், வேறு லைப்ரரிக்குக் கொண்டுபோனாலும், அழித்தே விட்டாலும், ஓடுகிற புரோகிராமுக்கு உரிய வரிகள்தான் திரையில் வரும்.

இந்த வித்தியாசத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாத இறுதியில் பின்னணியில் ஓடும் பேட்ச் ஜாப் ஒன்றில் தள்ளுபடி தப்பாக வருகிறது என்று என்னிடம் கொடுத்தார்கள். ஜாபை ஹோல்டில் போட்டு, அதை என் திரையிலிருந்து கவனிக்க எஸ்டிஆர்எஸ்ஆர்விஜாப், டீபக்கைத் தொடங்க எஸ்டிஆர்டிபிஜி இரண்டையும் கொடுத்து, தள்ளுபடியைச் சோதிக்கும் இஃப் வரியில் எஃப்6 அழுத்தி பிரேக்பாயின்ட் வைத்தேன். ஜாப் ஓடி வந்து அங்கே நின்றது. ஒரு அடி மட்டும் நகர எஃப்10 அழுத்தினேன். அடுத்து நின்ற இடம் ஒரு கமென்ட் வரி. கமென்ட் எப்படி இயங்கும்? மறுபடி எஃப்10. இப்போது எண்டிஃப் வரியைத் தாண்டி, சம்பந்தமே இல்லாத ஓர் இடம். எஃப்11 அழுத்திப் பார்த்த மதிப்புகளும் கண்ணில் தெரிந்த கணக்கோடு ஒட்டவில்லை. தரவில்தான் கோளாறு என்று நினைத்து ஃபைல்களைத் துழாவி ஒரு மதியம் முழுக்கப் போய்விட்டது.

சாயங்காலம்தான், புரோகிராமின் விவரம் காட்டும் டிஎஸ்பிபிஜிஎம் கட்டளையை டீடெயில்(*மாட்யூல்) என்று கொடுத்து, மாட்யூலுக்கு எதிரே 5 போட்டுப் பார்த்தேன். அங்கே பதிந்திருந்த சோர்ஸ் மாற்றத் தேதி ஒன்று, மெம்பரில் இருந்த தேதி வேறு. கம்பைலுக்குப் பிறகு யாரோ மேலே நான்கு வரி கமென்ட் சேர்த்துச் சேமித்திருக்கிறார், மறுபடி கம்பைல் செய்யவில்லை. அவர் செய்ததில் தவறென்று எதுவும் இல்லை. ஆனால் நான் பார்த்த ஒவ்வொரு வரியும், உண்மையில் ஓடிய வரிக்கு நான்கு வரி தள்ளி இருந்தது. அன்றிலிருந்து என் கையில் வரும் எந்தப் புரோகிராமையும் *லிஸ்ட் இல்லாமல் நான் கம்பைல் செய்வதில்லை.

அப்புறம், புரோகிராமை வேகமாக ஓட வைக்கும் ஆப்டிமைஸ் என்ற இடம் *நன் ஆகவே இருக்கட்டும். *பேசிக் என்றால் மாறியின் மதிப்பைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. *ஃபுல் என்றால் திரையில் காட்டும் மதிப்பு பழையதாகக்கூட இருக்கலாம். பிழை தேடுகிறவருக்கு அது பெரிய ஆபத்து. *ஃபுல் கட்டாயம் என்றால், நீங்கள் கவனிக்க வேண்டிய மாறியின் அறிவிப்பில் நோஆப்ட் என்று சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃபைலைப் படிக்கும் ரீட் வரியில் நின்று எஃப்10 அழுத்தினால் அடுத்த வரிக்கே போக மாட்டேன் என்கிறது. பல தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. ஏன்?

பதில்: ஃபைலிலிருந்து வரும் புலங்கள் ஒவ்வொன்றிலும் டீபக் நின்று நின்று போகிறது. ஐம்பது புலம் இருந்தால் ஐம்பது தடவை. எச்-ஸ்பெக்கில் (கம்பைல் விருப்பங்களை எழுதும் தொடக்க வரியில்) ஆப்ஷன்(*எஸ்ஆர்சிஎஸ்டிஎம்டி : *நோடீபக்ஐஓ) என்று எழுதி மறுபடி கம்பைல் செய்யுங்கள். இரண்டாவது சொல் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். முதல் சொல்லால் இன்னொரு நன்மை: ஜாப் லாகில் பிழைச் செய்தி 12500 என்று ஸ்டேட்மென்ட் எண் காட்டினால், சோர்ஸில் 125.00 என்ற வரிக்கு நேராகப் போய்விடலாம்.

ஒரு புலத்தின் மதிப்பைப் பார்க்க டீபக்கில் இவால் கட்டளை கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்கிறதா? புரோகிராமில் எங்கும் பயன்படுத்தாத புலமாக இருக்கும். எச்-ஸ்பெக்கில் டீபக்(*இன்புட்) சேர்த்தால் அதுவும் உள்ளே வரும்.

கேள்வி: புரொடக்‌ஷனில் போடும் புரோகிராமில் டீபக் தரவை விட்டுவைக்கலாமா?

பதில்: தாராளமாக விட்டுவையுங்கள். பிழை வரும் இடமே அதுதான். புரோகிராம் அளவில் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான். வெளியாருக்குக் கொடுக்கிற புரோகிராம் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் *லிஸ்ட் வழியாக உங்கள் சோர்ஸை அவர்கள் படித்துவிடலாம். 2010-இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து டிபிஜிஇஎன்சிகீ என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சாவிச்சொல் கொடுத்து கம்பைல் செய்தால், அந்தச் சொல் தெரிந்தவர்தான் லிஸ்டிங்கைப் பார்க்க முடியும். டீபக் தரவே வேண்டாமென்றால் சிஎச்ஜிபிஜிஎம் கட்டளையில் ஆர்எம்விஓபிஎஸ்(*டிபிஜிடிடிஏ) போதும், மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

புரொடக்‌ஷனில் டீபக் செய்யும்போது எஸ்டிஆர்டிபிஜி கட்டளையின் அப்டிபிராட் *நோ என்றே இருக்கட்டும். புரொடக்‌ஷன் ஃபைல்களில் தெரியாமல் எழுதிவிடாமல் அது தடுக்கும். ஆனால் *பிராட் வகை லைப்ரரிகளுக்கு மட்டும்தான் அந்தக் காவல். உங்கள் தரவு லைப்ரரியை எப்போதோ *டெஸ்ட் வகையாக உருவாக்கியிருந்தால் தடுக்காது. டீபக் தொடங்கும் முன் டிஎஸ்பிலிப்டி கொடுத்து லைப்ரரி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.